மாடி வீட்டு லோடு மிஷின்

"உங்க மேஜை மேல இருந்தா நாலு மணி நேரம். என் வண்டி மேல வந்தா நாப்பதே நிமிஷம். இந்த பேட்டரிக்கு என் மூஞ்சியப் பிடிக்கலையா சார்?"

வாசலில் நின்று கேட்டவன் சித்தராஜு. எட்டாவது கிராஸ் தெரு முனையில் தள்ளுவண்டியில் சோளம் சுட்டு விற்கிறவன்.

ஹொன்னப்பா பேட்டரியை வாங்கி மீட்டர் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது.

"பாருப்பா, சரியாத்தானே இருக்கு."

"மீட்டருக்குச் சரியா இருக்கும் சார். மீட்டரா வந்து எங்கிட்ட சோளம் வாங்குது? நேத்து ஏழே முக்காலுக்கு லைட்டு போச்சு. இருட்டுல ஒரு அம்மாவுக்கு மிளகாப்பொடிய ரெண்டு பங்கு தடவிட்டேன். அவங்க வீட்டுக்காரரு தண்ணி வாங்க ஓடினாரு. பாதி வழியில நின்னு, என்னைத் திட்டிட்டுப் போறதுக்குன்னே திரும்பி வந்தாரு."

பேட்டரியை மேஜை மேல் வைத்துவிட்டு அவன் போய்விட்டான். உட்காரச் சொல்லியிருக்கலாமே என்று ஹொன்னப்பாவுக்கு அப்புறம்தான் தோன்றியது. சொல்லியிருந்தாலும் அந்த அறையில் ஒரே ஒரு ஸ்டூல்தான்.

பெங்களூர் மத்திகெரெயில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி அவர் வீடு. இரண்டு அறை. ஒன்றில் படுப்பார். இன்னொன்றை லேப் என்று சொல்வார். சொன்னால் கேட்பதற்கு ஆள் இல்லை, அது வேறு விஷயம். டெலிபோன் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் சோதனை மேஜையில் உட்கார்ந்தவர். செய்து முடித்த ஒவ்வொரு போனையும் காதில் வைத்துக் கேட்டு, சரி, சரியில்லை என்று பிரித்துப் போடுகிற வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு போன். எந்தப் போனிலும் எதிர்ப்பக்கத்தில் ஆள் இருக்காது. கல்யாணம் இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போனது. தள்ளிப்போனது திரும்பி வரவில்லை. பிறகு தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள்.

இப்போது பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து, உள்ளே நன்றாக இருக்கிற செல்களைப் பொறுக்கிக் கட்டி, தள்ளுவண்டிக்காரர்களுக்கு விளக்கு பேட்டரி செய்து கொடுக்கிறார். பானிபூரி, சோளம், கொய்யா என்று பத்து வண்டி அவர் பேட்டரியில் எரிகிறது. நன்றாக எரிகிற வரைக்கும் ஒருவரும் மாடி ஏறி வரமாட்டார்கள். அணைந்தால்தான் வருவார்கள்.

சித்தராஜு பேட்டரியில் என்ன கோளாறு என்று அவருக்குத் தெரியும். சும்மா நிற்கிற ஆளைப் பார்த்து அவன் பலத்தைச் சொல்ல முடியாது. நன்றாகத்தான் நிற்பான். தலையில் ஒரு மூட்டையை வைத்து மூன்று மாடி ஏறச் சொன்னால், முட்டி எந்தப் படியில் மடங்குகிறது என்று தெரிந்துவிடும். பேட்டரிக்கும் அதேதான். மீட்டர் வைத்தால் போதாது, பாரம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற பாரமும் முதல் படியிலிருந்து கடைசிப் படி வரைக்கும் ஒரே எடையாக இருக்க வேண்டும். அதற்கென்றே ஒரு மிஷின் இருக்கிறது. எலக்ட்ரானிக் லோடு என்று பெயர். தொழிற்சாலையில் இருந்தது. வீட்டில் இல்லை.

மறுநாள் பஸ் பிடித்து, எலக்ட்ரானிக் சாமான் விற்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் போனார். பன்வர்லால் கடை, ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலம்.

"வாங்க ஹொன்னப்பாஜி! லோடா? இதோ பாருங்க, மிஷின்ல ராஜா." கண்ணாடிக்குப் பின்னாலிருந்த மிஷினைக் காட்டினார் பன்வர்லால். "மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி. சத்தமே போடாது. சொன்ன அளவுக்குத்தான் சாப்பிடும். நாப்பத்தஞ்சாயிரம்."

"என் பென்ஷனைக் கேட்டுட்டு அப்புறம் விலை சொல்லணும் நீங்க."

"சரி, இது பதினெட்டாயிரம்."

"அப்புறம்?"

"அப்புறம் இது." பலகையில் அடித்த எலிப்பொறி மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு சின்ன சர்க்யூட், அதன் தலையில் ஒரு ஃபேன். "ரெண்டாயிரத்து எண்ணூறு. வேலை செய்யும். கொஞ்சம் பேசும்."

"அட்டையில நூத்தம்பது வாட்டுனு போட்டிருக்கு?"

"போட்டிருக்கும். என் கடை போர்டுலயும் மொத்த விலைன்னுதான் போட்டிருக்கு. அறுபதுக்கு மேல போகாதீங்க."

ரெண்டாயிரத்து எண்ணூறு என்பதும் ஹொன்னப்பாவுக்குச் சும்மா இல்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். வழியில் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டலில், பழக்கதோஷத்தில், "ஒரு பை-டூ காபி" என்று கேட்டுவிட்டார். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதி ஊற்றுவதுதான் பை-டூ. தொழிற்சாலை நாளில் பக்கத்து மேஜைக்காரனோடு தினம் குடித்தது. காபி ஊற்றுகிறவர் இரண்டு டம்ளரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னொருத்தர் எங்க சார்?"

"வருவாரு," என்று சொல்லி, இரண்டையும் அவரே குடித்தார்.

காசு போடாமல் பாரம் ஏற்ற வழி இருக்கிறதே என்று பஸ்ஸில் தோன்றியது. கார் மெக்கானிக்கிடம் மூன்று பழைய ஹெட்லைட் பல்பு வாங்கினார். மூன்று பேட்டரி, ஆளுக்கு ஒரு பல்பு. சூடு தாங்காது என்று பால்கனியில் வைத்து, பொழுது சாய்ந்ததும் இணைப்பைக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் கட்டடச் சங்கத்தின் செயலாளர் சேஷகிரி வந்தார். கையில் புகார் நோட்டு.

"என்னங்க அது நேத்து உங்க பால்கனியில? எதிர் கட்டடம் முழுக்கப் பகல் மாதிரி ஆயிடுச்சாம். ஒருத்தர் சினிமா ஷூட்டிங்னு நினைச்சு சட்டை மாத்தி, தலை வாரிக்கிட்டு, ரெண்டு மணி நேரம் ஜன்னல்ல நின்னிருக்காரு."

"பேட்டரி டெஸ்ட்டு சார்."

"அதை நான் அவருக்கு எப்படிச் சொல்றது? மனுஷன் சென்ட்டு வேற போட்டிருக்காரு. ஒண்ணுன்னு எழுதறேன்."

பல்பு சரிப்படவும் இல்லை. பேட்டரி சோரச் சோர பல்பும் மங்கி, குறைவாக இழுத்தது. நோஞ்சான் ஏற ஏற மூட்டையிலிருந்து ஒவ்வொரு படியாக அரிசியை எடுத்துவிட்டால், அவனும் மாடி ஏறிவிடத்தான் செய்வான்.

அடுத்தது ஹீட்டர் கம்பிச் சுருள். தண்ணீர் பக்கெட்டில் முக்கி பேட்டரியோடு சேர்த்தார். வெளிச்சம் இல்லை. ஒரு பேட்டரி தீர்ந்து முடிகிறபோது தண்ணீர் வெதுவெதுப்பாகியிருந்தது. வீணாக்குவானேன் என்று குளித்தார். மூன்று நாளில் மூன்று பேட்டரி, மூன்று குளியல். நாலாவது நாள், சுருள் பக்கெட்டின் அடியைத் தொட்டுக்கொண்டு கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. காசளவு ஓட்டை விழுந்தது. அவர் கறிகாய் வாங்கப் போயிருந்தார்.

திரும்பி வந்தபோது கதவுக்கு முன்னால் கீழ் வீட்டு அனசூயம்மா நின்றிருந்தார். ஓய்வுபெற்ற பூகோள டீச்சர். ஜனவரிக் குளிருக்குத் தலையோடு காதையும் மூடிக் கம்பளி மஃப்ளர் சுற்றியிருந்தார். மூன்று வருஷமாகக் கீழே இருக்கிறார். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். பேசியது இதுதான் முதல் தடவை.

"என் வீட்டு மேல்தளத்துல ஒரு ஏரி வந்திருக்கு," என்றார். "நாலு உபநதியோட. வந்து பார்க்கிறீங்களா, இல்ல நான் மேப் போட்டுக் கொண்டு வரட்டுமா?"

ஹொன்னப்பா பையிலிருந்த அவரைக்காயைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்டார்.

"முகத்தைப் பார்த்துப் பேசுங்க. குனிஞ்சு பேசற பசங்களை நான் பெஞ்சு மேல ஏத்திடுவேன்."

நிமிர்ந்து இன்னொரு தடவை கேட்டார். அவர் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "சரி," என்று டீச்சர் இறங்கிப் போனார்.

சொட்டின தண்ணீர் கீழ் வீட்டோடு நிற்கவில்லை. அடியில் நிறுத்தியிருந்த சேஷகிரியின் ஸ்கூட்டர் சீட்டு வரைக்கும் போயிருந்தது. சாயங்காலம் நோட்டோடு வந்தார்.

"ரெண்டு," என்றார். "விதி பதினாலு ஞாபகம் இருக்குங்களா? வீட்டுல பட்டறை வைக்கக் கூடாது. நான்தான் போகட்டும்னு விட்டேன். மூணாவதா ஒரு புகார் இந்த நோட்டுல வந்துச்சுன்னா, அந்த ரூமைக் காலி பண்ணிடணும். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் போன பிறகு ஹொன்னப்பா லேப் நடுவில் நின்றார். சால்டரிங் அயர்ன், மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டுகிற பழைய ஆசிலாஸ்கோப், ஸ்க்ரூக்களைப் பிரித்துப் போட்ட ஊறுகாய் பாட்டில்கள். இதை எடுத்துவிட்டால் காலையில் எழுந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் ரெண்டாயிரத்து எண்ணூறைக் கொடுத்து எலிப்பொறியை வாங்கி வந்தார்.

வேலையில் குற்றம் சொல்ல முடியவில்லை. இரண்டு ஆம்பியர் இழு என்றால் இரண்டுதான். பேட்டரி சோர்ந்தாலும் விடவில்லை. சித்தராஜுவின் பேட்டரியில் இரண்டு செல் நடிப்பு என்று கால் மணியில் காட்டிக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்த ஃபேன்! கொஞ்சம் பேசும் என்று பன்வர்லால் சொன்னது பொய். மாவு மிஷின் மாதிரி அலறியது.

சரியாக ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மஃப்ளரோடு அனசூயம்மா. தளத்தில் ஏரி காய்ந்துவிட்டது என்று சொல்லத்தான் வந்தாராம். வாசலில் நின்றவர் முகம் சுளித்தார்.

"என்ன சத்தம் இது?"

"ஃபேன் டீச்சர். கீழ கேக்குதா?"

"கேக்குதாவா?" கொஞ்சம் நிறுத்தினார். "உட்கார முடியலை. நோட்டுல எழுதட்டுமா?"

"வேண்டாம் டீச்சர்! நிறுத்திடறேன். நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்."

"என்ன பண்றீங்க உள்ள? காட்டுங்க பார்ப்போம்."

இருந்த ஒரே ஸ்டூலில் டீச்சர் உட்கார்ந்தார். ஹொன்னப்பா நின்றார். சமாதானத்துக்குக் காபி போடலாம் என்றால் பால் ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. ஒன்றைப் போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினார்.

"பை-டூவா?" என்றார் டீச்சர். "பதினஞ்சு வருஷம் ஆச்சு. ஸ்டாஃப் ரூம்ல குடிச்சது." ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்த மிஷின் என்னதான் செய்யுது?"

"பேட்டரி குடுக்கறதை எல்லாம் வாங்கிக்கும்."

"வாங்கி?"

"சூடாக்கி வெளியில விட்டுடும்."

"வேற?"

"வேற ஒண்ணும் செய்யாது."

"எங்க ஹெட்மாஸ்டர் மாதிரி," என்றார் டீச்சர்.

ஹொன்னப்பா சிரித்தார். அந்த அறையில் அந்தச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது. டீச்சர் ஆறு மணிக்குத்தான் எழுந்து போனார்.

மறுநாள் பழைய ரப்பர் செருப்பை வெட்டி மிஷினுக்கு நாலு கால் வைத்தார். அதிர்வு தரையில் இறங்காது. ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"குறையலையே."

"ஒரு துளிகூடவா?"

"முகத்தைப் பார்த்துப் பேசுங்க. ஒரு துளிகூட. காபியில சிக்கரி ஜாஸ்தி, அதையும் குறைங்க."

மூன்றாம் நாள் மிஷினைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து மூடினார். காற்று போக வழியில்லாமல் உள்ளே சூடேறி, ஃபேன் முன்னைவிட வேகமெடுத்து, பெட்டியோடு மேஜையின் விளிம்பு வரை நகர்ந்து வந்தது. அன்றைக்கு டீச்சர் அதைப் பற்றிச் சொன்னது இரண்டே வார்த்தை. மிச்ச நேரம், ஒரு பையன் பரீட்சையில் காவிரியைக் கொண்டுபோய் அரபிக் கடலில் கலக்க விட்ட கதை.

நாலாம் நாள் ஃபேனையே கழற்றிப் பார்த்தார். ஐந்தே நிமிஷத்தில் டிரான்சிஸ்டர் கருகி, அறை முழுக்கக் கெட்ட வாடை. டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டே காபி குடித்தார். இதற்குள் ஹொன்னப்பா இன்னொரு ஸ்டூல் வாங்கியிருந்தார். லேபுக்குத் தேவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வாங்கினார்.

கருகினதை எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் பன்வர்லால் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஃபேனை எடுத்தீங்களா! ஹொன்னப்பாஜி, அடுப்பை அணைக்கச் சொன்னா சமையல்காரனை வெட்டற ஆளா இருக்கீங்களே. அரை விலைக்கு இன்னொரு போர்டு தர்றேன். ஃபேன் வேண்டாம்னா பெரிய அலுமினியமா வையுங்க. கைக்குழந்தை எடைக்கு இருக்கணும்."

காயலான் கடையில் பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றின அலுமினியப் பட்டை கிடைத்தது. சீப்பு மாதிரி பல் பல்லாக, ஆறு கிலோ. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். டிரான்சிஸ்டரை அதன் மேல் வைத்துத் திருகை முடுக்கும்போது, சத்தம் முழுசாக நின்றுவிடக் கூடாதே என்று ஒரு நினைப்பு வந்து போனது. சே, என்ன நினைப்பு இது என்று இன்னும் இரண்டு சுற்று முடுக்கினார்.

சுவிட்சைப் போட்டார். நிசப்தம். காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை. கையை வைத்தால் மட்டும் இளஞ்சூடு. நாற்பத்தஞ்சாயிரம் ரூபாய் மிஷின் செய்கிற வேலையை அவர் மேஜையில் ஒரு அலுமினியச் சீப்பு செய்துகொண்டிருந்தது.

ஐந்து மணி. கதவு தட்டப்பட்டது.

"இன்னிக்கு நேத்தைவிட ஜாஸ்தி," என்றார் அனசூயம்மா.

ஹொன்னப்பா மிஷினைச் சுட்டிக் காட்டினார். "டீச்சர், இதுல ஃபேனே இல்லை."

"அதனாலதான் ஜாஸ்தியோ என்னமோ. பால் இருக்கா?"

அன்றிரவு அவர் தூங்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் காதை வைத்துச் சம்பளம் வாங்கின மனுஷன். தனக்குக் கேட்காத ஒரு சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்கிறது என்றால் கோளாறு எங்கே? ஆசிலாஸ்கோப்பில் மைக்கை மாட்டி அறையின் நாலு மூலையிலும் காட்டிப் பார்த்தார். திரையில் கோடு நெளியாமல் படுத்திருந்தது.

காலையில் நேராகக் காது டாக்டரிடம் போனார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள் ஒரு பெண். அவர் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"தாத்தா, உங்களுக்கு வயசு என்ன?"

"அறுபத்தஞ்சு."

"உங்க காதுக்கு முப்பதுதான். எதுக்கு வந்தீங்க?"

"கீழ் வீட்டம்மாவுக்குக் கேக்கறது எனக்குக் கேக்கலைம்மா."

அந்தப் பெண் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டாள்.

பன்வர்லாலுக்குப் போன் போட்டார். "அந்தம்மாவுக்கு வௌவால் காது ஹொன்னப்பாஜி," என்றார் பன்வர்லால். "அப்படி லட்சத்துல ஒருத்தருக்கு இருக்கும். கரண்டு ஓடறதே கேக்கும். பாவம், என்ன பாடுபடறாங்களோ."

அது ஹொன்னப்பாவுக்கு வருத்தமாகப் போய்விட்டது. தன்னால் ஒரு மனுஷி தினமும் அவஸ்தைப்படுகிறாளே. மறுநாள் ஒரு காரியம் செய்தார். மிஷினின் ஒயரை எல்லாம் உருவினார். மெயின் சுவிட்சையும் கீழே தள்ளினார். வீட்டில் ஃபிரிட்ஜ்கூட ஓடவில்லை. சுவர்க் கடிகாரத்தின் செல்லைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்கு டீச்சர் வந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இருக்கு," என்றார். "மெல்லிசா. ஆனா இருக்கு."

"டீச்சர், கரண்டே இல்லை!"

"நாளைக்கும் வந்து பார்க்கிறேன். எழுதறதா வேண்டாமான்னு நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கு அவர் வரவில்லை.

ஐந்து மணிக்குக் காபி போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்திருந்தார் ஹொன்னப்பா. ஆறு மணிக்கு இரண்டையும் தொட்டிக்குள் கொட்டினார். மறுநாளும் அப்படியே. சத்தம் ஒருவழியாக நின்றுவிட்டது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட முயன்றார். முடியவில்லை. ஃபேனை எடுத்து மறுபடியும் மாட்டலாமா என்றுகூடக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். என்ன மனுஷன் நான் என்று மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

மூன்றாம் நாள் காலையில் பால் வாங்க இறங்கியபோது கீழ் வீட்டு வாசலைப் பார்த்தார். சேஷகிரி நின்றிருந்தார். அக்குளில் புகார் நோட்டு. உள்ளே பார்த்து உரக்க, கையை ஆட்டி ஆட்டி, கட்டடமே அதிர என்னவோ கத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு கோபத்தில் அவரை ஹொன்னப்பா பார்த்ததே இல்லை.

பால் வாங்காமலே திரும்பி ஏறினார்.

ஆக, எழுதியாகிவிட்டது. மூன்றாவது புகார். சேஷகிரி வந்து சொல்வதற்கு முன்னால் தானே கட்டிவிடுவது மரியாதை என்று நினைத்தார். அட்டைப் பெட்டிகளை எடுத்தார். ஊறுகாய் பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றினார். ஆசிலாஸ்கோப்பைப் போர்வையில் சுற்றினார். அலுமினியச் சீப்பைக் கையில் எடுத்தபோது அது ஜில்லென்று இருந்தது. அதைக் கடைசியாக வைக்கலாம் என்று ஓரமாக வைத்தார். இரண்டு ஸ்டூலையும் ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்தார்.

கதவு தட்டப்பட்டது. டீச்சர் தட்டுகிற தட்டு இல்லை இது. சேஷகிரியின் தட்டும் இல்லை. திறந்தால், இடுப்பில் முந்தானையைச் செருகிய ஒரு பெண், ஒரு கையில் கிண்ணம், இன்னொரு கையில் காகிதப் பொட்டலம்.

"நான் மாதேவி சார். கீழ டீச்சரம்மா வீட்டுல காலையில சமைக்கிறேன். உப்பிட்டு குடுத்தாங்க." உப்புமாக் கிண்ணத்தை நீட்டினாள். "அப்புறம் இதைப் பார்த்துத் தரச் சொன்னாங்க. இதுல எதுக்காவது உசிரு மிச்சம் இருக்கான்னு."

பொட்டலத்தில் ஆறு செல். ஒவ்வொன்றும் மாத்திரை அளவு.

"எழுதிட்டாங்களா?" என்றார் ஹொன்னப்பா.

"எதை?"

"நோட்டுல. சேஷகிரி வந்து கத்திக்கிட்டிருந்தாரே."

"அதுவா? தண்ணித் தொட்டி கழுவறதுக்கு வீட்டுக்கு நூறு ரூபா கேட்டாரு. எழுதறதா? என்ன எழுதணும்?"

ஹொன்னப்பா ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து மீட்டரை எடுத்தார். சும்மா வைத்துப் பார்த்தால் ஆறு செல்லும் நன்றாகவே காட்டின. ஒரு சின்ன ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்துக் கொஞ்சம் பாரம் ஏற்றினார். ஒவ்வொன்றாக மடங்கி விழுந்தது. ஆறாவது மட்டும் நின்றது.

"இது ஒண்ணு தேறும். கடிகாரத்துக்கா?"

"இல்லீங்க. காது மிஷினுக்கு."

"யார் காதுக்கு?"

"டீச்சரம்மாவுக்குத்தான். எட்டு வருஷமா ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காது. வெளியில தெரியக் கூடாதுன்னுதான் வெயில்லயும் அந்த மஃப்ளர். சேஷகிரி சார் பின்ன ஏன் அந்தக் கத்துக் கத்தறாரு? ஒரு அட்டை பேட்டரி வாங்கினா கிடந்துகிட்டே இருக்கும், இந்த மாசம் மொத்தமும் காலி. மருந்துக்கடையில ரெண்டு நாளாச் சரக்கு இல்லை. அவங்களும் மாடிப்படி வரைக்கும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வர்றாங்க."

ஹொன்னப்பா ஒற்றைச் செல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இரும்மா. அப்போ கீழ உட்கார்ந்திருக்கறப்போ அந்த மிஷினை மாட்டிக்கிட்டுத்தான் என் சத்தத்தைக் கேட்டாங்களா?"

மாதேவி சிரித்துவிட்டாள். "கீழ அதை எங்க சார் மாட்டறாங்க? தனியா இருக்கற வீட்டுல என்னத்தைக் கேக்கறது, பேட்டரிதான் வீண்னு பெட்டியிலயே வச்சிருப்பாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்க வீட்டுக்கு மாடி ஏறும்போது மட்டும்தான் எடுத்து மாட்டிக்குவாங்க."